வித்தோரியாவின் பழைய இல்லங்கள்

ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுத் தலைநகரான வித்தோரியாவில் (பாஸ்க் மொழியில் கஸ்தேய்ஸ்) தெருவிலிருந்தே கண்டு மகிழத்தக்க வரலாற்று வீடுகள். நவார் மன்னர் ஆறாம் சாஞ்சோ 1181இல் நிறுவிய இந்நகரின் பழைய பகுதி, ஒரு குன்றைச் சுற்றிப் பாதாம்பருப்பு வடிவில் அமைந்தது. கத்தி செய்வோர், கொல்லர், செருப்புத் தைப்போர் எனத் தொழிலாளர் பெயர்களையே தெருக்கள் தாங்குகின்றன.

முதலில் காணவேண்டியது, கத்திக்காரர் தெருவிலுள்ள காசா தெல் கோர்தோன். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கல்வீடு. வாயில் வளைவைச் சுற்றி, பிரான்சிஸ்கன் துறவிகளின் இடைக்கயிறு கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் பெயரும் அதனாலேயே வந்தது. காஸ்டீலின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த உட்ரெக்ட் ஏட்ரியன், தாம் போப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை 1522இல் இங்கிருந்தபோதுதான் அறிந்தார். அவருக்குப் பின் 1978 வரை இத்தாலியர் அல்லாத எவரும் போப்பாகவில்லை. இத்தனை பெரிய செய்தி வந்த வாசல் இவ்வளவு அடக்கமாக இருப்பது வியப்புக்குரியது.

எல் போர்தலோன் செங்கல்லும் மரச்சட்டமும் கொண்ட வணிகர் வீடு. மேல்தளங்கள் தெருவின்மீது துருத்தி நிற்கும். இப்போது உணவகம். 1525ஆம் ஆண்டின் பெந்தாஞா மாளிகையில் சீட்டுக்கட்டு அருங்காட்சியகம் இயங்குகிறது. தெருக்கள் குறுகலானவை, முகப்பை முழுதாகப் பார்க்க எதிர்ச்சுவரை ஒட்டி நிற்பது நல்லது.