சீராக வந்த சோபா

எங்கள் வடமாவட்டங்களில் "அந்தப் பொண்ணு உக்காந்துட்டா" என்று யாராவது சொன்னால், எங்கே, எதன் மேல் என்று எவரும் கேட்பதில்லை. வயதுக்கு வந்துவிட்டாள் என்று பொருள். ஒரு பெண் உட்காருவதை ஊர் கூடிக் கொண்டாடுவது அந்த ஒரு முறைதான். அதுவும் ஓலைக் குச்சுக்குள், தனித் தட்டும் தனிப் பாயுமாக. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அவள் கேட்கப்போவது வேறு வாக்கியம்: "என்ன உக்காந்துட்டே இருக்க?"

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து முகூர்த்த நாட்களில் சீர்வரிசை ஏற்றிவரும் குட்டியானை வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பீரோ, கட்டில், மெத்தை, கிரைண்டர் எல்லாம் பழைய வரிசை. இப்போது அவற்றோடு சோபாவும் வருகிறது. கொஞ்சம் வசதியான வீடென்றால் ஃபர்னிச்சர் கடைக்காரர் "லேட்டஸ்ட் மாடல்" என்று காட்டுகிற, உழவுசால் மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமுமான கார்டுராய் சோபா. தடவிப் பார்த்தால் பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் இருக்கும். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்துக்கு இந்தச் சோபாவைப் பற்றி என்ன கருத்து என்பதை ஓரமாக வைத்துவிடுவோம். பெண் வீட்டுக் காசில் வாங்கப்பட்டு, அவள் பெயரைச் சொல்லி இறக்கப்பட்ட அந்த இருக்கையில் அவள் எப்போது உட்காருகிறாள் என்பதே என் கேள்வி.

தமிழில் உட்காரும் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. மணை, முக்காலி, விசிப்பலகை, ஊஞ்சல், கட்டில் என்று எத்தனையோ. பழந்தமிழில் சிம்மாசனமே அரசுகட்டில்தான். முரசு வைக்கும் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட மோசிகீரனாருக்குச் சேர மன்னன் கவரி வீசிய கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அசந்துபோன ஒரு விறலி அங்கே படுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்த எந்த ஆசிரியரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வருவோம். திண்ணை ஆண்களுடையது என்று எழுதிவிடுவது எளிது. முழு உண்மை ஆகாது. காலையிலும் மாலையிலும் ஊர்ப் பெரியவர்கள், கணக்குவழக்கு, வெற்றிலைப் பெட்டி. ஆண்கள் கழனிக்குப் போன மதிய நேரத்தில் அதே திண்ணை பெண்களிடம் வரும். ஆனால் கை சும்மா இருக்காது. மல்லாட்டை உடைக்கணும், புளியில் கொட்டை எடுக்கணும், அரிசியில் கல் பொறுக்கணும், பிள்ளைக்குப் பேன் பார்க்கணும். ஓய்வு என்ற பெயரில் உட்கார்ந்தபடி செய்கிற வேலை அது. அந்தத் திண்ணையைச் சாணம் போட்டு மெழுகியதும் இதே கைகள்தாம்.

பாயை நான் மெச்சுவேன். கோரைப் பாயில் முதுகுக்குச் சாய்மானம் கிடையாது, முழங்காலுக்கும் நல்லதில்லை. ஆனால் உதறி, சுருட்டி, சுவரோரம் நிறுத்தினால் வேலை முடிந்தது. அழுக்கானால் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் போடலாம். அதன் மேல் யாரும் நிரந்தரமாக அதிகாரம் செய்ய முடியாது; சுருட்டிய பாயில் யாருக்கும் 'என் இடம்' என்று ஒன்று இருப்பதில்லை.

நாற்காலி வந்தபோது அந்த 'என் இடம்' வந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்களிலும், பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி வீடுகளிலும் இருந்த சாய்வு நாற்காலி நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தது. அதன் கைப்பிடியைக் கவனித்திருக்கிறீர்களா? முன்னால் நீண்டு போகும், மனிதர் காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்வதற்காக. புடவை கட்டிய ஒருத்தி நான்கு பேர் இருக்கும் கூடத்தில் அப்படிச் சாய முடியுமா? அந்த நாற்காலியைச் செய்தவனின் மனக்கண்ணில் பெண் உடம்பே இல்லை. தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த நாவலின் பெயர் 'சாய்வு நாற்காலி'. சொத்தெல்லாம் கரையக் கரைய, நாற்காலியை விட்டு எழாத ஒரு குடும்பத் தலைவனின் கதை.

நாற்காலிக்குச் சாதியும் உண்டு. பழைய தென்னாற்காட்டின் இன்னொரு பாதியான கடலூர் மாவட்டத்தில், தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட புகைப்படம் 2020இல் நாடு முழுக்கப் பரவியது. மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். ஊராட்சித் தேர்தலில் வென்ற ஒரு பெண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுக்க மறுத்திருக்கிறார்கள். பற்றாக்குறை அல்ல காரணம். யார் யாருக்குச் சமமான உயரத்தில் இருக்கலாம் என்பதே இருக்கையின் பழைய கணக்கு. அந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் உண்டு: மாமனார் கூடத்துக்கு வந்தால் மருமகள் எழுந்து நிற்பது மரியாதை.

இனி கார்டுராய். இந்தப் பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் 'அரசனின் கயிறு' என்று பொருள் சொல்லிப் பெருமையாக விற்பார்கள். அது பின்னால் கட்டிவிட்ட கதை. பிரெஞ்சுக்காரர்களே இந்தத் துணியை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. இது இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்துப் பருத்தித் துணி, உழைப்பாளிகளின் கால்சட்டைத் துணி. நெய்யும்போதே ஊடை நூலில் ஒரு பகுதி வளையம் வளையமாக மேலே நிற்கும்படி விடுவார்கள். பிறகு அந்த வளையங்களை நீளவாக்கில் அறுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தால் பூம்பிசிறு எழும்பி வரிவரியாக நிற்கும். 19ஆம் நூற்றாண்டில் அறுப்பது கைவேலை. நீண்ட மேசையில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, ஒல்லியான நீளக் கத்தியோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வேண்டும். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி. நாள் முழுக்க மைல்கணக்கில் நடை, மூக்கு நிறையப் பஞ்சுத் தூசி. இந்த வேலையில் பெண்களும் சிறுபிள்ளைகளும் ஏராளம்.

யார்க்‌ஷயரின் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூர் இந்தத் துணிக்கே பேர்போனது. அங்கே நெசவாளர்கள் 1906 முதல் 1908 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 1907இல் எம்மலின் பாங்கர்ஸ்ட் அந்த ஊருக்கு வந்து பேசினார். அதே ஊரில் இந்தத் துணியைத் தைக்கும் தொழிலாளியாக இருந்த லவீனா சால்டன்ஸ்டால் அந்த ஆண்டே பெண் வாக்குரிமைக்காகச் சிறைக்குப் போனார். நம் கூடத்துச் சோபாவின் வரிகளில் இந்தக் கதையும் இருக்கிறது. கடைக்காரர் சொல்லமாட்டார், நாம் தெரிந்துகொள்ளலாம்.

உழைப்பாளியின் கால்சட்டை பணக்கார வீட்டு இருக்கைக்கு ஏறியது பின்னாளில். 1973இல் பாரிஸில் மிஷேல் துகாருவா 'டோகோ' என்றொரு சோபாவை வெளியிட்டார். காலே கிடையாது, உள்ளே மரச்சட்டம் கிடையாது; முழுக்க ஃபோம், தரையோடு ஒட்டிய உயரம். இன்று சமூக ஊடகங்களில் அதன் கார்டுராய் வடிவங்களும் நகல்களும் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகின்றன. நம் பாட்டிகள் தரையில் உட்கார்ந்ததை நாகரிகமில்லை என்று சொல்லிவிட்டு, தரைக்குப் பக்கத்தில் உட்கார லட்சக்கணக்கில் செலவு செய்கிற வேடிக்கையைப் பாருங்கள்.

சரி, வாங்கலாமா? அழகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வழவழப்பான ரெக்சின் மாதிரி வெயில் காலத்தில் தொடையோடு ஒட்டாது. ஆனால் நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர் கலந்தது. சித்திரை வெயிலில் அதில் சாய்ந்தால் முதுகு நனையும். பருத்தி கார்டுராய் பரவாயில்லை; வேர்வையை வாங்கிக்கொள்ளும், ஆனால் கறையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். அடிக்கடி உட்காரும் இடத்தில் வரிகள் படுத்து வழுக்கையாகிவிடும். ஃபோம் '32 டென்சிட்டி, 40 டென்சிட்டி' என்று கடையில் சொல்வது, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. 32க்குக் குறைந்தால் சீக்கிரம் குழி விழும். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். இருக்கை ரொம்ப ஆழமாக இருந்தால், சாய்ந்தால் கால் தரையில் படாது, கால் ஊன்றினால் முதுகு சாயாது. காட்சிக்கு வைத்த மாடல்களில் பல, ஆறடி மனிதருக்கு அளவெடுத்தவை.

அதைவிட, துடைப்பம் போகிற இடைவெளி சோபாவின் அடியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். காலில்லாத மாடல் என்றால் வாரம் ஒருமுறை இழுத்து நகர்த்தியே பெருக்க வேண்டும். திண்டிவனம் நாற்சந்தியில் பறக்கிற புழுதி முழுவதும் கார்டுராய் பள்ளங்களுக்குள்தான் போய் உட்காரும். ஈரத்துணியால் துடைத்தால் சேறாகும். மென்மையான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே இழுக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பிசிறு போகும். தேங்காய் எண்ணெய்த் தலை சாய்ந்த இடம் இரண்டு மாதத்தில் கறுக்கும். இதற்கொரு பழைய வைத்தியம் உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் தலையில் மக்காசர் எண்ணெய் பூசினார்கள், பெண்கள் அந்தக் கறைக்காக நாற்காலி முதுகுக்குக் குரோஷா விரிப்பு பின்னினார்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளும் தையல் வகுப்பில் அதே விரிப்பைப் பின்னக் கற்றார்கள். அவன் தலை எண்ணெய்க்கு இவள் விரல் வலித்தது.

2024இல் தேசிய அளவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம், அதில் ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். சோபாவைத் தட்டி, பிரஷ் போட்டு, உறை மாற்றுகிற நிமிடங்கள் எந்தக் கணக்கில் ஏறும் என்று விளக்கத் தேவையில்லை. உறையை ஜிப் திறந்து கழற்றித் துவைக்க முடியாத சோபாவை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

துவைப்பதற்கும் தீட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் மரப்பலகையிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ உட்காரலாம், கழுவிவிடலாம். துணி இருக்கையில் உட்காரக் கூடாது, அது தீட்டை வாங்கிக்கொள்ளும் என்கிற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பாயைத் தனியாக எடுத்து வைத்த காலம் போய், சோபா வந்து கூடத்தின் நடுவே அசையாமல் நின்றபோது அந்த விலக்கும் கூடவே நின்றுவிட்டது. மூன்று நாளும் அவள் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள், சீராகத் தான் கொண்டுவந்த சோபாவின் காலில் முதுகு சாய்த்து. சாதாரண நாட்களிலும் பெரிதாக மாற்றமில்லை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்குப் பிறகு ஏழை வீட்டுக் கூடங்களும் டிவியை நோக்கித் திரும்பின. எதிரே கணவர், பிள்ளைகள், விருந்தாளி. அவளுடைய இடம் அடுக்களை வாசற்படி. குக்கர் விசிலும் கேட்கணும், சீரியல் வசனமும் கேட்கணும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்தால் மறுநாள் உட்காரலாம், பாயை வெயிலில் போடலாம். ஃபோம் சோபா குடித்த தண்ணீரைக் கக்காது. வெளியே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே பூஞ்சை நாறும். தூக்கி எறியவும் மனம் வராது, தவணை முடிந்திருக்காது. அதைப் பிழிந்து காயவைக்கப் பார்த்ததும் பெண்கள்தான்.

கடைசியாக, இதை நமக்கு விற்கிற பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து விழுப்புரம், திண்டிவனம் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள். "உக்காந்து பாருங்கக்கா, எவ்ளோ சாஃப்ட்டு" என்று சொல்லும் பெண் நின்றுகொண்டே சொல்கிறாள். ஜவுளிக்கடைப் பெண்களின் வீங்கிய கால்களை 2010இல் 'அங்காடித் தெரு' படம் திரையில் காட்டியது. கேரளத்தில் கோழிக்கோட்டின் பி. விஜியும் பெண்கூட்டு அமைப்பும் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமை சட்டமாகியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

சில கடைகளில் ஸ்டூல் வந்திருப்பதைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றின் மேல் பில் புத்தகமும், மடிக்காத துணிகளும், ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அந்தப் பெண் பக்கத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காரலாமே என்றேன். மேலே கேமரா இருக்கிறது என்று கண்ணால் காட்டினாள்.