தாள் சிற்றுரு

பேப்பர் மினியேச்சர் எனப்படும் தாள் சிற்றுரு என்பது, மேசைமீது ஆடப்படும் போர் விளையாட்டுகளில் வீரன், குதிரைப்படை, விலங்கு, பூதம் முதலியவற்றைக் குறிப்பதற்காகத் தாளில் வரைந்து, வண்ணமிட்டு, மடித்து, வெட்டி நிறுத்தப்படும் சிறிய உருவம் ஆகும். உலோகத்தாலும் நெகிழியாலும் செய்யப்படும் சிற்றுருக்களுக்கு இது மாற்றாக அமைகின்றது. பான்டசி எனப்படும் மாயப் புனைவு உலகைச் சார்ந்த விளையாட்டுகளில் ஓர்க், எல்ஃப், டிராகன், எலும்புக்கூட்டு வீரர் எனப் பலவகை உருவங்கள் தேவைப்படுவதால், அவற்றைத் தாமே வடிவமைத்துக்கொள்ளும் வழக்கம் ஆட்டக்காரர்களிடையே பரவலாகக் காணப்படுகின்றது.

விளையாட்டில் இதன் பங்கு

மேசைப் போர் விளையாட்டில் இருவரோ பலரோ தத்தம் படைகளை மேசையில் அணிவகுத்து நிறுத்துவர். படைகள் நகரும் தொலைவு அளவு நாடாவால் அளக்கப்படுகின்றது. தாக்குதலின் விளைவு பகடை உருட்டித் தீர்மானிக்கப்படுகின்றது. இவ்விளையாட்டில் சிற்றுரு வெறும் அலங்காரப் பொருள் அன்று. அது எந்தத் தரப்பைச் சேர்ந்தது, எவ்வகை வீரன், எத்திசையை நோக்கி நிற்கின்றது என்னும் மூன்று செய்திகளை அது ஆட்டக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆட்டக்காரர் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவிலிருந்தே சிற்றுருவைப் பார்க்கின்றார். எனவே அத்தொலைவில் இம்மூன்றும் தெளிவாகத் தெரிவதே தாள் சிற்றுரு வடிவமைப்பின் முதன்மை நோக்கம் எனலாம்.

வரலாறு

தாளில் அச்சிட்டு வெட்டியெடுக்கும் போர்வீரர் உருவங்கள் 18 ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் புகழ் பெற்றிருந்தன. பிரான்சின் எப்பினால் நகரில் ழான்-ஷார்ல் பெல்லரன் 1796 இல் நிறுவிய அச்சகமும் பின்னர் இத்தகைய தாள்களைப் பெருமளவில் வெளியிட்டது. எப்பினால் அச்சுப்படங்களுக்கு, துளையிட்ட தகடுகளை மேலே வைத்துத் தூரிகையால் வண்ணம் பூசப்பட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் தகடு தேவைப்பட்டது. ஈய வீரர்களை வாங்க இயலாத குடும்பங்களுக்குத் தாள் வீரர்கள் எட்டும் விலையில் கிடைத்தன.

19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொம்மை நாடக அரங்குகளுக்கான உருவத் தாள்கள் வண்ணமின்றி ஒரு பென்னிக்கும், வண்ணத்துடன் இரண்டு பென்னிக்கும் விற்கப்பட்டன. ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1884 இல் இது பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே இவ்விரு விலைகளைக் குறிப்பதாகும். வண்ணமிடுதல் விலையை இருமடங்காக்கியதால், வண்ணமில்லாத் தாளை வாங்கி வீட்டில் வண்ணம் தீட்டுவது சிக்கனமான வழியாக இருந்தது.

எச். ஜி. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட லிட்டில் வார்ஸ் என்னும் நூல், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிகளை வகுத்தது. மாயப் புனைவு உருவங்கள் இத்துறையில் பரவலானது பின்னரே ஆகும். 1971 இல் கேரி கைகாக்சும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட செயின்மெயில் விதிநூலில் மாயப் புனைவுக்கென ஒரு பின்னிணைப்பு இருந்தது. அதன் வழியாகக் கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் வெளிவந்தது. அக்காலத்தில் பூதங்களுக்கேற்ற சிற்றுருக்கள் கடைகளில் அரிதாக இருந்தன. கைகாக்சின் குழுவினர் மலிவான நெகிழிப் பொம்மைகளைப் பூதங்களாகப் பயன்படுத்தினர். இரும்பைத் துருவாக்கி உண்ணும் ரஸ்ட் மான்ஸ்டர் அத்தகைய பொம்மை ஒன்றிலிருந்து பிறந்ததாகும்.

1980களில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம், ஓவியர் டெனிஸ் லூபே வரைந்த கார்ட்போர்டு ஹீரோஸ் என்னும் வண்ண அட்டைச் சிற்றுருக்களை வெளியிட்டது. 1983 இல் வெளிவந்த வார்ஹாமர் பெரும் படைகளைக் கொண்டு ஆடப்படுவது. அதனால் படை திரட்டும் செலவு ஆட்டக்காரர்களுக்குப் பெரிய சிக்கலாயிற்று. வீட்டு அச்சுப்பொறிகள் பரவிய பின்னர், தாமே வரைந்து அச்சிடும் முறை வளர்ந்தது. அண்மைக்கால வெளியீடுகளுள் ஓவியர் பீட்டர் டெனிஸ் வரைந்து ஹீலியன் பதிப்பகம் வெளியிட்ட வெட்டியெடுக்கும் படை நூல்களும், டேவிட் ஓகம் வரைந்த மாயப் புனைவுச் சிற்றுருக்களும் குறிப்பிடத்தக்கன.

வகைகள்

* கூடார வடிவம்: தாளை முக்கோணமாக மடித்து, முன்னும் பின்னும் படம் அமையுமாறு நிறுத்துவது. அடித்தட்டு தேவையில்லை. ஆயினும் அதிக இடத்தை அடைக்கும்.
* தட்டை வடிவம்: முன் படத்தையும் பின் படத்தையும் முதுகோடு முதுகு ஒட்டி, உருவத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, அடித்தட்டில் பொருத்துவது. இதுவே மிகுதியாகப் பயன்படுகின்றது.
* படைப்பிரிவுத் துண்டு: அணிவகுத்து நிற்கும் பல வீரர்களை ஒரே துண்டாக வரைந்து வெட்டுவது. பெரும் படைகளுக்கு ஏற்றது.
* முப்பரிமாண வடிவம்: வண்டி, கோபுரம், டிராகன் போன்றவற்றைப் பல பகுதிகளாக வெட்டி ஒட்டுவது.

அளவுகள்

சிற்றுருவின் அளவு பொதுவாக மனித உருவின் உயரத்தால் குறிக்கப்படுகின்றது. 28 மி.மீ. என்பது மாயப் புனைவு விளையாட்டுகளில் பரவலான அளவு. பாதம் முதல் கண் வரையான உயரத்தையே பலர் இவ்வெண்ணால் குறிப்பர். எனவே தலையுச்சி வரை உயரம் 30 முதல் 32 மி.மீ. வரை அமையும்.

அடித்தட்டின் அளவை விளையாட்டு விதிகள் தீர்மானிக்கின்றன. பழைய வார்ஹாமர் விளையாட்டில் மனிதருக்கு 20 மி.மீ. சதுரமும் ஓர்க்குகளுக்கு 25 மி.மீ. சதுரமும் வழங்கின. 2015 இல் அவ்விளையாட்டு கைவிடப்பட்டது. 2024 இல் தி ஓல்ட் வேர்ல்டு என்னும் பெயரில் மீண்டும் வந்தபோது இவை முறையே 25, 30 மி.மீ. ஆயின. 1991 இல் வெளிவந்த ஹோர்ட்ஸ் ஆஃப் த திங்ஸ் விளையாட்டில் தனி வீரனுக்கு மாறாகப் படைப்பிரிவே அலகாகும். அதில் 25 மி.மீ. சிற்றுருக்களுக்கு அடித்தட்டின் முன்பக்கம் 60 மி.மீ. ஆகும். எனவே வரையத் தொடங்கும் முன்னரே விதிநூலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உருவத்தை வடிவமைத்தல்

இயல்பான பார்வையுடைய கண் ஏறத்தாழ ஒரு பாகைத் துளி, அதாவது ஒரு பாகையில் 60 இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 0.3 மி.மீ. ஆகும். அதைவிடச் சிறிய நுணுக்கங்கள் ஆட்டத்தின்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. கவசத்தின் ஒவ்வொரு வளையத்தையும் வரைவதைவிட, தலை, கை, ஆயுதம் ஆகியவற்றைச் சற்றுப் பெரிதாக வரைவதே பயன் தரும்.

வண்ணம் தெரியும் முன்னரே புறவுரு, அதாவது நிழல்போல் தெரியும் வெளி வடிவம், கண்ணில் படுகின்றது. உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பார்த்தால் வில்வீரனும் ஈட்டிவீரனும் வேறுபட்டுத் தெரிகின்றனரா என்பது விளங்கிவிடும். ஈட்டி, வாள், கொம்பு போன்ற மெல்லிய பகுதிகள் வெட்டும்போது கிழியும், பின்னர் வளையும். ஆகவே அவை உடலை ஒட்டியவாறு வரையப்படுகின்றன. இயலாதபோது, ஆயுதத்துக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வெற்றிடம் வெட்டப்படாமல் கறுப்பாக நிரப்பப்படுகின்றது.

பின்புறப் படம் தனிக் கவனத்துக்கு உரியது. முன்புறப் புறவுருவை இடவலமாகப் புரட்டினால் கிடைப்பதே பின்புறப் புறவுரு. இரண்டும் பொருந்தாவிட்டால் வெட்டும்போது ஒரு பக்கம் சிதையும். இவ்வாறு புரட்டுவதால் வாள் கை மாறிவிடுவதில்லை. வலக்கை முன்னிருந்து பார்ப்பவருக்கு இடப்புறமும் பின்னிருந்து பார்ப்பவருக்கு வலப்புறமும் தெரிவது இயற்கையே. புரட்டிய படத்தில் முகத்துக்கு மாற்றாகத் தலைமுடியும், கேடயத்தின் முகப்புக்கு மாற்றாக அதன் உட்புறமும் வரையப்படும். மடிப்பு தலைக்கு மேலே அமையுமாயின், பின்புறப் படம் முன்புறப் படத்துக்கு மேலே தலைகீழாக இருக்க வேண்டும். மடிப்பு பக்கவாட்டில் அமையுமாயின், நேராகவே இருக்கும்.

கணினியில் வரைவோர் முன்புறம், பின்புறம், வெளிக்கோடு, வண்ணம், நிழல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைப்பர். ஒரே உடலுக்குத் தலையையும் ஆயுதத்தையும் மாற்றிப் பல வீரர்களை உருவாக்க இது உதவும். கட்டற்ற மென்பொருள்களான இங்க்ஸ்கேப், கிம்ப், கிரீட்டா ஆகியவை இதற்குப் போதுமானவை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் செறிவில் 30 மி.மீ. உருவம் ஏறத்தாழ 354 பிக்சல் உயரமுடையது. கணினி விளையாட்டுப் படங்களை அப்படியே அச்சிட்டால் மிகச் சிறிதாவது இதனாலேயே. எடுத்துக்காட்டாக, பேட்டில் ஃபார் வெஸ்னோத் விளையாட்டின் 72 பிக்சல் சட்டம் இச்செறிவில் 6 மி.மீ. அளவே வரும்.

வண்ணமிடல்

வண்ணத்தைவிட ஒளி-இருள் வேறுபாடே தொலைவில் முதலில் தெரிவது. படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்க்கும்போது தோலும் உடையும் ஆயுதமும் ஒன்றாகக் கலந்துவிட்டால், வண்ணத் தேர்வை மாற்ற வேண்டும். ஒவ்வொரு படைக்கும் மூன்று அல்லது நான்கு முதன்மை வண்ணங்கள் போதும். எதிரெதிர்ப் படைகள் ஒளி-இருளிலும் வேறுபடுவது, நிறக்குருடு உள்ள ஆட்டக்காரருக்கு உதவும்.

முதலில் அடிவண்ணமும், பின்னர் நிழலும், இறுதியில் ஒளிப்பட்ட இடங்களும் தீட்டப்படும். மேசைக்கு ஒளி பெரும்பாலும் மேலிருந்து வருவதால் தலை, தோள், கேடயத்தின் மேல்விளிம்பு ஆகியன வெளிறியும் கால் பகுதி இருண்டும் அமையும். தட்டையான தாளுக்கு இது பருமன் உள்ளது போன்ற தோற்றத்தைத் தருகின்றது. உருவைச் சுற்றி ஏறக்குறைய 0.5 மி.மீ. தடிப்பில், அதாவது 6 பிக்சல் அளவில், கறுப்பு வெளிக்கோடு இடப்படும்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் வண்ணம் காட்டுகின்றது. அச்சுப்பொறியோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலக்கின்றது. இதனால் திரையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும். ஒரு சிற்றுருவை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்த்து, தேவையான அளவு படத்தை வெளிறச் செய்வது வழக்கம்.

வண்ண அச்சுப்பொறி இல்லாதவர்கள் கோட்டோவியத்தை ஒருமுறை வரைந்து, நகலெடுத்து, கையால் வண்ணமிடலாம். நகற்பொறியின் டோனர் நீரில் கரையாது. ஆகவே அதன்மேல் நீர்வண்ணமும் வண்ணப் பென்சிலும் பயன்படுத்தலாம். ஆல்ககால் மை கொண்ட மார்க்கர் பேனாக்கள் டோனர் கோட்டைக் கலைக்கக்கூடும். வெட்டும் முன்னரே வண்ணமிட்டால், ஈரத்தால் சுருளும் தாளைக் கனமான நூல்களின் கீழ் வைத்துச் சமப்படுத்த முடியும்.

அச்சிடலும் நிறுத்தலும்

முதுகோடு முதுகு ஒட்டும் சிற்றுருவுக்குச் சதுர மீட்டருக்கு 160 முதல் 200 கிராம் வரை எடையுள்ள தாள் ஏற்றது. இன்க்ஜெட் மை ஈரத்தில் பரவக்கூடும். லேசர் அச்சின் டோனர் மடிப்பில் உதிரக்கூடும். மடிப்புக் கோட்டில் மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோலை ஒட்டிக் கீறிய பின்னர் மடித்தால் நேராக மடியும். வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி ஒட்டி, நன்கு காய்ந்த பின்னரே வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோட்டைக் கறுப்பு அல்லது சாம்பல்நிறப் பேனாவால் தடவினால் உருவம் முழுமை பெறும்.

தாள் எடை குறைந்தது. மின்விசிறிக் காற்றே அதைச் சாய்த்துவிடும். எனவே அடித்தட்டுக்குக் கீழே இரும்பு வாஷர் ஒட்டப்படுகின்றது.

ஒரு வீரனுக்கு 25 மி.மீ. அகலமும், முன்-பின் படங்களுக்கு 32 மி.மீ. வீதமும், ஒட்டும் மடிப்புகளுக்கு 8 மி.மீ. வீதமும் சேர்த்து 80 மி.மீ. உயரமும் வேண்டும் எனக் கொள்வோம். ஓரங்களில் 10 மி.மீ. விட்டால் ஏ4 தாள் ஒன்றில் வரிசைக்கு 7 வீதம் 3 வரிசைகளில் 21 வீரர்கள் அமைவர். 60 வீரர் கொண்ட படைக்கு மூன்று தாள்கள் போதும்.

நிறைகளும் குறைகளும்

குறைந்த செலவு, குறைந்த எடை, ஓர் உறைக்குள் ஒரு படையையே வைக்கும் வசதி, பழுதானதை மீண்டும் அச்சிடும் எளிமை ஆகியன இதன் நிறைகள். புதிதாகக் கற்பவர் பெருந்தொகை செலவிடாமல் ஓர் ஆட்டத்தை முயன்று பார்க்க முடிகின்றது. சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ், ஃப்ராஸ்ட்கிரேவ் போன்று குறிப்பிட்ட நிறுவனத்தின் சிற்றுருக்களைக் கட்டாயமாக்காத விளையாட்டுகளுக்கு இவை நன்கு பொருந்தும்.

பக்கவாட்டில் பார்க்கும்போது வெறும் கோடாகத் தெரிவது இதன் பெருங்குறை. ஈரமும் தேய்மானமும் இதைக் கெடுக்கும். சிற்றுரு தயாரிக்கும் நிறுவனங்கள் தாமே நடத்தும் போட்டிகளில் பொதுவாகத் தாள் படைகளுக்கு இடமில்லை.

உரிமம்

தாள் சிற்றுருவைப் படியெடுப்பது எளிது. ஆகவே பதிப்புரிமை பற்றிய தெளிவு இன்றியமையாதது. ஓர்க், எல்ஃப், டிராகன் போன்ற பொது வகைகளை எவரும் தம் கற்பனைப்படி வரையலாம். பிறர் உருவாக்கிய தனித்துவமான உருவங்களும் பெயர்களும் அவ்வாறானவை அல்ல. டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல்களில் ஹாபிட் என்னும் சொல் 1977 இல் நீக்கப்பட்டு, ஹாஃப்லிங் என்பது பயன்படுத்தப்பட்டது. அதே விளையாட்டின் விதிகள் 2000களின் தொடக்கத்தில் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டபோது, பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் ஆகிய பூதங்கள் அவ்வுரிமத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டன.

2002 முதல் வெளிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், படைப்பாளர் எவற்றை அனுமதிக்கின்றார் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வழி செய்கின்றன. சில உரிமங்கள் விற்பனையையும் வேறு சில மாற்றங்களையும் தடை செய்கின்றன. மாற்றத்தைத் தடை செய்யும் உரிமத்தில் உள்ள படத்துக்குப் பின்புறம் வரைந்து பகிர்வதற்குக்கூட ஓவியரின் இசைவு தேவைப்படலாம். தம் சிற்றுருக்களைப் பிறருடன் பகிர்வோர், ஓவியர் பெயர், உரிமம், செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அச்சிட்டுவைத்தால், கோப்பு பல கைகள் மாறிய பின்னரும் அச்செய்தி உடன் செல்லும்.