‘மட்டுமே’ என்னும் சொல்லும் சாம்பல் ஓநாயும்

அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் (1973), ஓர் உயிரினத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் கிடைக்கும் தரவுகளுள் சிறந்தவற்றை அடிப்படையாகக் கொண்டது. 1981இல் ரீகன் பிறப்பித்த நிர்வாக ஆணை புதிய விதிகளுக்குச் செலவு-பயன் கணக்கைக் கோரியது, சேர்க்கைகள் தேங்கின. இதற்கு மறுமொழியாகவே 1982ஆம் ஆண்டுத் திருத்தம் ‘மட்டுமே’ என்னும் சொல்லைச் சட்டத்தில் புகுத்தியது: அறிவியல், வணிகத் தரவுகளைக் கொண்டு மட்டுமே முடிவெடுத்தல் வேண்டும். (‘வணிகம்’ இங்கு அவ்வுயிரினம் விற்கப்படுவதைக் குறிக்கும், பொருளாதார நலனை அன்று.)

2009இல் வடக்கு ராக்கி மலைப்பகுதியின் சாம்பல் ஓநாய்கள், வயோமிங் மாநிலம் நீங்கலாக, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஓர் இனக்கூட்டத்தை மாநில எல்லையால் பிரிக்கச் சட்டம் இடந்தரவில்லை எனக் கூறி, 2010 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. 2011 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 1713ஆம் பிரிவு, அதே விதியை 60 நாள்களுக்குள் மீண்டும் வெளியிடப் பணித்தது. நீதிமன்ற மறுஆய்வையும் விலக்கியது.

1982ஆம் ஆண்டுச் சொல் நீக்கப்படவில்லை என்பதே கருதத்தக்கது. அது நிர்வாகத்தைக் கட்டியது. அதனை இயற்றிய அவையைக் கட்டவில்லை. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1713ஆம் பிரிவு செல்லும் என்றது. ஓநாய்களைப் பற்றிய தரவு எதுவும் அப்பிரிவில் இல்லை.