குழல்வாய் விளிம்பு

ரைஃபிள் குழலின் முனையில், துளையைச் சுற்றிச் சீராகக் கடைந்தெடுக்கப்படும் வளையப் பரப்பு. தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடும் இடம் இதுதான். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் வெடிவாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பீறிடும். குண்டின் அடிப்பகுதி லேசாகத் தள்ளப்பட்டு, குறி விலகும். துப்பாக்கியின் மேல் எவ்வளவு நல்ல தொலைநோக்கியை மாட்டினாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது. ஆகவே துளைக்குச் செங்குத்தாக, துளையின் மையத்தோடு ஒத்து, பிசிறின்றிக் கடைவதே முக்கியம். இலக்குச் சுடும் போட்டி ரைஃபிள்களில், விளிம்பு எல்லாப் பக்கமும் சமமாகத் துளையை நோக்கி 11 பாகை சரிந்திருப்பது பரவலான வழக்கம்.

விளிம்பைக் கெடுப்பது பெரும்பாலும் சுடுதல் அல்ல, சுத்தம் செய்தல்! முனை வழியாகத் துடைப்புக் கம்பியை நுழைத்து நுழைத்தே, குண்டைச் சுழலவைக்கும் துளையின் உட்புரிகள் முனையில் தேய்கின்றன. ரஷ்ய மோசின்-நாகான் ரைஃபிள்கள் பலவற்றில், தேய்ந்த முனைப்பகுதியைப் பட்டறையில் உள்ளே அகலமாகத் துளைத்துக் கழித்திருக்கிறார்கள். மற்றொரு வழி, கெட்ட நுனியை அறுத்து விளிம்பைப் புதிதாகக் கடைவது. குழல் குறுகினால் குண்டின் வேகம் சற்றுக் குறையும், ஓசை கூடும். துல்லியம் தானாகக் குறைந்துவிடாது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, உரிமமின்றித் துப்பாக்கிக் குழலைக் குறுக்குவது குற்றம்.