எந்தக் காலேஜுல போடறதுங்கண்ணா? – கொஞ்சம் பி.எஸ்சி. பழங்கதை

போன வாரம் சித்தி பையன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணான். பிளஸ் டூ முடிச்சிருக்கான். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடுக்கலாம்னு இருக்கேன். எந்தக் காலேஜுல போடறதுங்கண்ணா?"

எங்க தெருவுல இப்படி ஒரு கேள்வி வர்றதே அபூர்வம். பிளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்குள்ள பாதிப் பசங்க பனியன் கம்பெனியில ஓவர்லாக் மெஷின் முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. "லீவுல ரெண்டு மாசம் போயிட்டு வரேன்"னுதான் ஆரம்பிக்கும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து பழகிட்டா, அந்த ரெண்டு மாசம் ரெண்டு வருசம் ஆயிடும். மீதிப் பேர் பி.காம்., இல்லாட்டி இன்ஜினியரிங். நானும் அந்த இன்ஜினியரிங் மந்தையில போன ஆடுதான்.

போனை சித்தி வாங்கிட்டாங்க. "ஏங்கண்ணு, மூணு வருசம் படிச்சுப்போட்டு மறுக்காவும் சாயப்பட்டறைக்குத்தான போவான்? இப்பவே போனா மூணு வருசச் சம்பளம் மிச்சமாச்சே?"

செக்கிங்ல நின்னு சம்பாதிக்கிற சித்தி கேட்கிற கணக்கு. நியாயமான கணக்கும்கூட. பெங்களூர்ல கோடு தட்டிக்கிட்டு இருக்கிற எனக்குச் சட்டுனு பதில் வரல. ஒரு வாரம் டைம் கேட்டேன். நமக்குத் தெரிஞ்ச ஒரே வழி, முன்னாடி போனவங்க எப்படிப் போனாங்கன்னு பார்க்கிறது. அதனால கொஞ்சம் பின்னாடி போவோம், 1904-க்கு.

அந்த வருசம் நம்ம மாகாணத்தில் ரெண்டு பசங்க. ஒருத்தர் சி.வி.ராமன். விசாகப்பட்டினத்தில் அப்பா வேலை பார்த்த கல்லூரியிலேயே எஃப்.ஏ. (இப்போதைய பிளஸ் டூ மாதிரி) முடித்துவிட்டு, உதவித்தொகையோடு சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தவர். 1904-ல் பி.ஏ. தேர்வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். (அப்போ இயற்பியல் படிச்சாலும் பி.ஏ.தான்.) அடுத்து எம்.ஏ. சேர்ந்தபோது, பேராசிரியர் ஜோன்ஸ் வகுப்புக்கு வந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தாமல் ஆய்வகத்தில் அவர் போக்கில் விட்டுவிட்டார். பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்ட ஒளிப்பட்டைகளைத் துரத்திப் போய் ராமன் எழுதிய கட்டுரை, 1906-ல் லண்டன் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வந்தது. அப்போ அவருக்கு 18 வயசு.

இன்னொருத்தர் ராமானுஜன். அதே 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவரும் உதவித்தொகையோடுதான் சேர்ந்தார். 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்'னு பேர் வாங்கின கல்லூரி அது. கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகல. உதவித்தொகை போச்சு, படிப்பும் பாதியில் நின்னுது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பார்த்தார், அப்பவும் எஃப்.ஏ. தேற முடியல. கடைசியில் 1914-ல் நிஜ கேம்பிரிட்ஜுக்கே போனார், ஒரு டிகிரிகூட கையில் இல்லாமல்.

கும்பகோணம் கல்லூரியைக் குறை சொல்ல வரல. எல்லாப் பாடத்திலும் தேறணும் என்பது அன்றைய விதி. ஆனா ஒண்ணு புரியுது. கல்லூரியோட பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும், உள்ளே போற பையனுக்கு அங்கே என்ன செய்ய முடியுது என்பதுதான் கடைசியில் கணக்கு.

மூணாவது ஆள், ராமனோட அண்ணன் மகன் சந்திரசேகர். 1925-ல் அதே மாநிலக் கல்லூரி. அவருக்கு ஆசை கணிதம். அப்பாவுக்கோ பையன் ஐ.சி.எஸ். ஆகணும். ரெண்டுக்கும் நடுவில் சமாதானமா இயற்பியல் ஆனர்ஸ். பேர் பதிஞ்சது இயற்பியலில், விரும்பிப் போய் உட்கார்ந்தது கணித வகுப்புகளில் :) 1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது நேரா போய்ப் பார்த்தார். "நீ படிச்சதெல்லாம் பழசாயிடுச்சுப்பா"ங்கிற மாதிரி அவர் சொல்லிவிட்டு, அச்சுக்குப் போகாத தன் புதுக் கட்டுரையைக் கையில் கொடுத்தார். அதைப் பிடிச்சுக்கிட்டு, 1929-லேயே மாணவரா இருக்கும்போதே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை. நோபல் பரிசு 1983-ல்.

நாலாவது, நமக்கெல்லாம் தெரிஞ்ச கலாம். 1954-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். முடிக்கிற நேரத்தில்தான் 'இது நம்ம பாடம் இல்லை'ன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அதுக்குக் கட்ட வேண்டிய பணம் கிட்டத்தட்ட 1,000 ரூபாய். அக்கா ஜோஹரா நகையை அடகு வைத்தார். ஆக, பி.எஸ்சி.யில் இருந்து தடம் மாறவும் வழி உண்டு. ஆனா அதுக்கு வீட்டில் யாரோ ஒருத்தர் வளையலைக் கழட்ட வேண்டியிருக்கு.

இவங்க எல்லாம் சென்னைக்கும் திருச்சிக்கும் ரயிலேற முடிஞ்சவங்க. ஏற முடியாதவங்களுக்குக் காலேஜ் பக்கத்தில் வரணும். கொங்குப் பக்கம் அது மெதுவாத்தான் வந்துச்சு. கோவை அரசு கலைக் கல்லூரி 1852-ல் ஒரு பள்ளிக்கூடமாக ஆரம்பிச்சு அப்புறம் கல்லூரியானது. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி 1947-ல். திருப்பூருக்கு சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி 1966-ல், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரி 1971-ல். ஊருக்குள்ளேயே காலேஜ் வந்தா ஹாஸ்டல் செலவு கிடையாது, காலையில் டவுன் பஸ் ஏறினா சாயங்காலம் வீடு. பொண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கின குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்லை. 1978-ல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. 1982-ல் கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகம்.

அதே காலகட்டத்தில்தான் ஊரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடிக்குது. இன்னொரு பக்கம் 1984-ல் இருந்து சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகள். 2007-ல் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வும் போயிடுச்சு. பி.எஸ்சி. என்பது 'எதுவும் கிடைக்காதவன் எடுக்கிறது'ன்னு ஆனது இப்படித்தான். ராமன் படிச்ச படிப்புக்கு வந்த கதியைப் பாருங்க!

சரி, திருப்பூர்க்காரனுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு? ஊரே அதுமேலதான் நிக்குது. 1856-ல் லண்டனில் பெர்கின்னு ஒரு பையன், அவனுக்கும் 18 வயசுதான், லீவுல வீட்டில் கொய்னா மருந்து செய்யப் பார்த்து ஊதாச் சாயம் செஞ்சுட்டான். செயற்கைச் சாயத் தொழிலுக்கு அதுதான் தொடக்கம். பருத்தியோடு வேதிப்பிணைப்பு போட்டு ஒட்டிக்கிற ரியாக்டிவ் சாயம் 1956-ல் சந்தைக்கு வந்தது. நம்ம பனியன் கலர் போகாம இருக்கிறது அதனாலதான். ஆனா அந்தச் சாயம் துணியில் ஏற ஏகப்பட்ட உப்பு போடணும். உப்பும் ஒட்டாத சாயமும் தண்ணியோட வெளியே போகும். போனது நொய்யலுக்கு.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினாங்க. சித்தப்பா அப்போ பட்டறையில் வேலை. மாசக்கணக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தார். திறந்தது 'ஜீரோ டிஸ்சார்ஜ்' நிபந்தனையோட: சொட்டுத் தண்ணி வெளியே விடக்கூடாது, சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணியையும் உப்பையும் திரும்ப எடுக்கணும். இது மொத்தமும் கெமிஸ்ட்ரி. சித்தி சொன்ன மாதிரி அவன் மறுக்கா சாயப்பட்டறைக்கே போகலாம்தான். ஆனா தொட்டி ஓரம் நின்னு துணியை இழுக்கிறவனும், அந்தத் தண்ணியில் என்ன இருக்குன்னு சொல்றவனும் ஒண்ணு இல்லையே.

ஒரு வாரம் கழிச்சு அவன்கிட்ட சொன்னது இதுதான். ஐசர் மாதிரி இடத்துக்கெல்லாம் தனி நுழைவுத் தேர்வு, இந்த வருசம் தேதி போச்சு, அதை நினைச்சு வருத்தப்படாத. அரசுக் கல்லூரிக்கு ஆன்லைன்ல ஒரே விண்ணப்பம், முதல்ல அதைப் போடு. ரெண்டு மூணு காலேஜுக்கு நேர்ல போ. கட்டடத்தைப் பார்க்காத, லேப்பைப் பாரு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல், பியூரெட் ஆளுக்கு ஒண்ணா, நாலு பேருக்கு ஒண்ணான்னு கேளு. எம்.எஸ்சி., ஆராய்ச்சி நடக்கிற துறையா, வாத்தியார் இடமெல்லாம் நிரம்பியிருக்கா, துணைப்பாடத்தில் கணிதம் உண்டான்னு கேளு. போகவர மூணு மணி நேரம் பஸ்லயே போனா எப்ப படிப்ப? மூணு வருசம் கழிச்சு 'ஜாம்' தேர்வு எழுதினா ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம், அந்தக் கதவை மட்டும் மறக்காத.

நேத்து மெசேஜ் வந்துச்சு. ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட் கதவைத் திறந்து உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினாராம். "பியூரெட்டு எண்ணிப்போட்டேனுங்கண்ணா, ஆளுக்கு ஒண்ணு இருக்குதுங்க." அதைத்தான் முதல் சாய்ஸா போட்டிருக்கான். வீட்டில் இருந்து ஒரே பஸ்.

சித்தி இன்னும் முழுசா சமாதானம் ஆகல. "மூணே வருசந்தான?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. "ஆமாங் சித்தி, மூணே வருசந்தான்"னு சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவங்க யாராவது இங்கே இருந்தா, அப்புறம் என்ன ஆனீங்கன்னு சொல்லுங்க. தம்பிகிட்ட காட்டணும்.