முகமும் மூதாதையர் மரபும்: ஸனேலே முஹோலியின் நிழற்படக் கலை

தென்னாபிரிக்காவில் நிழற்படம் நீண்டகாலம் அதிகாரத்தின் கருவியாக விளங்கியது. 1928 முதல் டகன்-குரோனின் வெளியிட்ட தொகுதிகளில் கறுப்பின மக்கள் குலங்களின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். 1950ஆம் ஆண்டின் சட்டம் குடிமக்களை இனவாரியாகப் பதிவு செய்தது. 1952ஆம் ஆண்டின் சட்டமோ கறுப்பினத்தவர் படம் பொறித்த அடையாளப் புத்தகத்தை எந்நேரமும் வைத்திருக்குமாறு கட்டாயப்படுத்தியது. இவ்வகையில் முகம் என்பது ஆளைச் சுட்டாது, வகையைச் சுட்டுவதாயிற்று.

இந்நிலையைத் தலைகீழாக்கியவருள் ஒருவர் ஸனேலே முஹோலி. 1972இல் டேர்பனை அடுத்த உம்லாஸியிற் பிறந்த இவர், ஆண், பெண் என்னும் இரு பகுப்பினுள் தம்மை அடக்காதவர். 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பாலியல் நாட்டம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. ஆயினும், கறுப்பினக் குடியிருப்புகளில் வன்புணர்ச்சியும் கொலையும் தொடர்ந்தன. இச்சூழலில் 2006இல் முஹோலி தொடங்கிய 'முகங்களும் கட்டங்களும்' என்னும் தொடர், தற்பாலின உறவுடைய கறுப்பினப் பெண்களையும் திருநரையும் பெயர், ஊர், ஆண்டு என்பவற்றுடன் பதிவு செய்தது. 2014இல் தொடங்கிய மற்றொரு தொடரில் திருநங்கையர் தாமே தெரிந்த உடையிலும் நிலையிலும் தோன்றினர்.

இத்தகைய வாழ்வு ஆபிரிக்க மரபுக்கு அந்நியமானது என்பதே எதிர்ப்பாளரின் வாதமாகும். 2009இல் இப்படங்கள் இடம்பெற்ற கண்காட்சியிலிருந்து அப்போதைய கலை, பண்பாட்டு அமைச்சர் அவை ஒழுக்கக்கேடானவை எனக் கூறி வெளியேறினார். 2012இல் முஹோலியின் இல்லத்திலிருந்து பல ஆண்டு உழைப்பு அடங்கிய கணினிச் சேமிப்பகங்கள் களவாடப்பட்டன.

அவ்வாதத்துக்கு அவர் மரபினுள் நின்றே விடையளித்தார். 2012இல் தொடங்கிய தன்னுருவப் படங்களுக்கு இசிஸூலு மொழியில் 'சோம்ன்யாமா ங்கொன்யாமா', அதாவது 'கருஞ்சிங்கமே வாழி' எனப் பெயரிட்டார். சிங்கம் ஸூலு மன்னர்க்குரிய பட்டம். இம்மொழியின் படர்க்கைப் பெயரும், தமிழின் 'அவர்' போலவே, ஆண் பெண் பேதம் காட்டுவதில்லை. தாயார் பெஸ்டர், வெள்ளையர் இல்லமொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவர்; 2009இற் காலமானவர். அவர் பெயரால் எடுத்த படங்களில், உடுப்புக் காயவிடும் கவ்விகளே முடியாகவும் காதணியாகவும் அமைகின்றன. தோலின் கருமையும் வேண்டுமென்றே மிகுவிக்கப்படுகின்றது. மன்னரின் பட்டம் பணிப்பெண்ணின் பிள்ளைக்குச் சூட்டப்படுகின்றது என்பது நோக்கத்தக்கது.

மரபு என்பது காவலர் சிலரின் தனியுடைமையன்று. உழைத்தோரும் ஒதுக்கப்பட்டோரும் அதன் வாரிசுகளே. சட்டம் உரிமையை வழங்கலாம். ஆனால் தாம் இம்மண்ணின் வழித்தோன்றல்கள் என்பதற்கான சான்றை அம்மக்களே படைக்க வேண்டியிருந்தது. முஹோலியின் படங்கள் அத்தகைய சான்றுகளாகும்.