துணியால் விரித்த வானம்

திரைப்பட வரலாறு எழுதுவோர் இயக்குநரின் பெயரை முதலிற் குறிப்பர். நடிகரின் பெயரை அடுத்துக் குறிப்பர். அவர்களையெல்லாம் நம் கண்ணுக்குக் காட்டிய ஒளிப்பதிவாளரின் பெயரோ பெரும்பாலும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். வங்கத்து ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவின் (1930–2001) வாழ்க்கை இக்குறையை நன்கு உணர்த்துவதாகும்.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தை எடுப்பதற்காக 1949-இல் கல்கத்தா வந்தார். அப்படத்தில் பணிபுரிய விரும்பிய இளைஞர் மித்ராவுக்கு வேலை கிட்டவில்லை. வேடிக்கை பார்க்கும் அனுமதி மட்டுமே கிட்டியது. அதையே அவர் பள்ளிக்கூடமாக்கிக் கொண்டார். விளக்குகள் நின்ற இடம், நடிகர் நகர்ந்த வழி, காமிரா இருந்த கோணம் அனைத்தையும் நாள்தோறும் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். சத்யஜித் ராயின் நட்பும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் நட்பும் அந்நாட்களில் அமைந்தவையே.

1952-இல் ‘பதேர் பாஞ்சாலி’ தொடங்கியபோது, அதுவரை திரைப்படக் காமிராவை இயக்கியறியாத மித்ராவிடமே ராய் அப்பொறுப்பை ஒப்படைத்தார். பணமின்றிப் பலமுறை நின்று, 1955-இல் அப்படம் வெளிவந்தது. ரவிசங்கர் இசையமைத்த அப்படத்தின் சில பகுதிகளுக்குச் சிதார் மீட்டியவரும் மித்ராவே.

அவருடைய கலைக்கொள்கை முழுமையாக வெளிப்பட்டது அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956). காசியில் ஒரு பழைய வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அவ்வீட்டைத் திறந்த வெளியில் அமைக்கவே முதலில் எண்ணியிருந்தனர். மழைக்கு அஞ்சி, கல்கத்தாவின் படப்பிடிப்பு நிலையத்துக்குள் அரங்கமைக்க நேர்ந்தது. மித்ரா இதை ஏற்கத் தயங்கினார். முற்றத்தில் இறங்குவது நேர்வெயில் அன்று. வானம் முழுவதிலிருந்தும் பரவி வரும் மென்மையான ஒளி. அதற்குக் கூரிய நிழல் இல்லை. நிலையத்து விளக்குகளோ சுவரெங்கும் பல நிழல்களை வீழ்த்துபவை. எவ்வளவு திறமையாக அமைத்தாலும் அது நிலையத்து ஒளி என்பதைக் காண்போர் உணர்ந்துவிடுவர் என்பது அவர் வாதம்.

வாதம் எடுபடவில்லை. ஆகவே வழி தேடினார். வானம் இருக்கவேண்டிய இடத்தில், முற்றத்துக்கு மேலே, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் செய்தார். விளக்குகளை நடிகர் மீது திருப்பாமல் அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியிற் பட்டு மீண்ட ஒளி முற்றத்தில் மெல்ல இறங்கியது. காசியின் உண்மைத் தெருக்களும் கல்கத்தாவின் செயற்கை முற்றமும் ஒட்டுத் தெரியாமல் இணைந்தன. 1957-இல் வெனிஸ் விழாவில் அப்படம் தங்கச் சிங்கம் பெற்றது.

சுவீடனின் ஸ்வென் நிக்விஸ்ட் இத்தகைய மென்னொளிக்காக 1960-களில் மேலைநாட்டாரின் புகழைப் பெற்றார். தகுதியுடைய புகழே அது. எனினும், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கல்கத்தாவில் கட்டப்பட்ட துணியை எண்ணியவர் அன்று மிகச் சிலரே. காரணம் அக்கலையிலேயே இருக்கிறது எனலாம். விளக்கு இருப்பதையே மறைத்துவிட்ட ஒளியில் விளக்கமைத்தவனை எவர் தேடுவர்?

ராயுடன் பத்துப் படங்களில் பணியாற்றிய மித்ரா, 1966-இல் வந்த ‘நாயக்’கிற்குப் பின் அவருடன் சேரவில்லை. எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படாமல், தமக்கு உகந்த படங்களையே ஏற்றார்; ஆகவே அவர் படங்களின் எண்ணிக்கை சிறிது. ஜேம்ஸ் ஐவரியின் படங்களும், பாடலாசிரியர் சைலேந்திரா தயாரித்த ‘தீஸ்ரி கசம்’ படமும் (1966) அவற்றுள் அடங்கும். பின்னாளில் ‘நியூடெல்லி டைம்ஸ்’ அவருக்குத் தேசிய விருதை ஈட்டித் தந்தது. இறுதி ஆண்டுகளில் கொல்கத்தாவில் திரைப்பட மாணவர்க்கு ஆசிரியராய் இருந்தார்.

இவ்வொளி எங்கிருந்து வருகிறது என்னும் ஒரு கேள்விக்கு ஒவ்வொரு காட்சியிலும் உண்மையான விடை இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். சொல்லைக் கையாளும் நம் வட்டத்துக் கவிஞர்க்கும் அக்கேள்வி அயலானதன்று. அணி மிகுந்து பொருள் மறையும்போது, காசி வீட்டின் முற்றத்துக்கு மேலே யாரும் காணாமல் கட்டப்பட்டிருந்த அந்த வெள்ளைத் துணியை நாம் நினைத்துக்கொள்ளலாம்.